அப்பாவின் நெற்றிக்காசு

அபூர்வ நாணயம் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிட்டால் போதும், மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸில் நான் கல்லாவில் உட்காரும் சாப்பாட்டுக் கடைக்கு யாராவது ஒருத்தர் உள்ளங்கையில் காசோடு வந்து நிற்பார். "அக்கா, இது ரேர் காசுதானே? ஆயிரக்கணக்குல போகுமாம்லா." வாங்கிப் பார்த்தால் சிங்கப்பூர்க் காசாக இருக்கும், இல்லாவிட்டால் புருணைக் காசு. "போகும் அங்கிள், அந்த ஊர்ல கொண்டுபோய் குடுத்தா அங்க செல்லும்" என்று திருப்பிக் கொடுப்பேன். கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும்.

எனக்குக் காசு பார்க்கத் தெரிந்ததற்கு ஆசை காரணமில்லை, முதலாளிதான் காரணம். செல்லாத காசு கல்லாவில் கிடந்தால் என் சம்பளத்தில் கழிப்பார். கிரிஸ் கத்தி போட்ட பழைய ஒரு ரிங்கிட் காசு செல்லாமல் போய் எத்தனையோ வருஷமாகிறது. அதையும் சில்லறைக்கு நடுவில் திணித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி பல்லைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். இரண்டு நிறத்தில் இருக்கும் தாய்லாந்துக் காசு, தேய்ந்து மொழுக்கையான பழைய மலாயாக் காசு என்று எல்லாவற்றிலும் ஏமாந்து ஏமாந்துதான் என் கை பழகியது.

அப்படி ஒருநாள் ஒரு வெள்ளை ஐம்பது சென் காசு கையில் தட்டுப்பட்டது. பூ இருக்கும் பக்கத்தை நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுகிற மாதிரி திருப்பினால், பின்னால் இருக்கும், மலாய்க்காரர்கள் பறக்கவிடும் வாவ் பட்டமும் நேராக நிற்க வேண்டும். இதில் தலைகுப்புறத் தொங்கியது. அச்சடிக்கும்போது ஏதோ கோளாறு. என் பர்ஸிலிருந்து வேறு ஐம்பது சென் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன்.

அப்பா அப்போது கிள்ளான் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷன், எழுந்து உட்கார நான் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. காசைக் கையில் கொடுத்துத் திருப்பிக் காட்டினேன். "அடிச்சவன் தண்ணி போட்டுட்டு அடிச்சிருப்பான்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

என் அண்ணன் சுபாங் ஜெயாவில் இருந்தான். அரை மணி நேரப் பயணம். வந்தால் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நிற்பான், ஜாம் ஆகிவிடும் என்பான், போய்விடுவான். அப்பா போன பிறகுதான் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். வந்தவர்களை வரவேற்று, யார் எங்கே உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டு, பெரிய மகனாக வளைய வந்தான்.

குளிப்பாட்டிப் பொட்டு வைத்த பிறகு, காரியம் செய்ய வந்த பெரியவர் நெற்றியில் வைக்க ஒரு காசு கேட்டார். வீடு நிறைய ஆட்கள், ஒருத்தரிடமும் காசு இல்லை. எல்லாரும் போனைக் காட்டிக் கணக்குத் தீர்க்கிறவர்கள். அண்ணன் இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினான். என் பர்ஸிலும் அந்த ஒரு காசுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சந்தனத்தைக் குழைத்து அப்பாவின் நெற்றியில் ஒட்டினார்கள், மேலே குங்குமம் வைத்தார்கள்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் நெற்றிக்காசை உடலோடு சேர்த்து அனுப்ப மாட்டோம். பெட்டியை மூடும் முன் எடுத்து, கழுவாமல், சந்தனத்தோடு சாமி அறையில் வைப்போம். வீட்டையும் அப்பா லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தையும் அண்ணன் என்ன செய்தாலும் நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் காசு மட்டும் எனக்கு வேண்டும். கேட்டேன்.

"மூத்த மகன்தான் எடுக்கணும். பொம்பள புள்ள கேக்கற வழக்கம் எங்க இருக்கு?" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னான். பெட்டிக்கு முன்னால் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காசை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கடைக்கு வந்தான். தே தாரிக் வாங்கிக் குடித்தான். பிறகு கல்லா மேசையில், சோம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு காசை வைத்தான். புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது.

"நீதானே கேட்ட. இந்தா, வெச்சுக்க."

"என்ன பண்ணுன இத?"

"ஒரு வீடியோல பாத்தேன், பட்டம் தலைகீழா இருந்தா நல்ல வெல போகுமாம். மால்ல ஒரு காசுக் கடை இருக்கு, கொண்டு போனேன். அதுக்கு முன்னாடி அழுக்கா இருக்கேன்னு ஒங்க அண்ணி புளி போட்டுத் தேய்ச்சிட்டா. அவ குத்துவெளக்குத் தேய்க்கிற மாதிரியே தேய்ச்சிருக்கா. கடைக்காரன் பாத்தவொடனே சொல்லிட்டான்லா, தேய்ச்ச காச எவனும் வாங்க மாட்டான்னு."

"அப்பா நெத்தில இருந்தத விக்கவா கொண்டு போன?"

"சும்மா வெல கேட்டேன். ஒடனே ஆரம்பிக்காத."

க்யூஆரை ஸ்கேன் செய்து டீக்குக் காசு கட்டிவிட்டுக் கிளம்பினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

காசை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் இருக்கும் வரிகளுக்குள் எங்கேயாவது துளி சந்தனம் மிச்சமிருக்காதா என்று நகத்தால் சுற்றிச் சுற்றித் தேடினேன். சுரண்டியதில் ஒன்றும் வரவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், பாத்திரம் கழுவும் சோப்பு வாசனைதான் வந்தது. பட்டம் இன்னும் தலைகுப்புறத்தான் தொங்கியது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கல்லாவைத் திறந்து ஐம்பது சென் குழியில் போட்டேன்.

அன்று சாயங்காலம் சில்லறை கொடுத்த யார் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. காசைப் பிரித்துப் பார்க்கவும் இல்லை. கடை மூடும்போது ஐம்பது சென் குழி காலியாக இருந்தது.

அடுத்த மாதம் அண்ணன் போன் செய்தான். அண்ணியின் அம்மா விசாரித்தார்களாம், நெற்றிக்காசு வீட்டில் இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னார்களாம். "அந்தக் காச எடுத்து வை, சனிக்கெழம வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

"இல்ல. சில்லறையோட போயிடுச்சு" என்றேன்.

"பைத்தியமா நீ? அது அப்பா நெத்திக் காசுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அப்பாவுக்காக அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.