புரட்டாசிக்கு முந்தின வாரம் திறந்த பிரியாணிக் கடை

ஓட்டல் தொழிலில் சமைப்பது சுலபம், பரிமாறுவது அதைவிடச் சுலபம். சாப்பிட வந்த ஒரு குடும்பத்தை ஒழுங்காக உட்கார வைப்பதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு ஆட்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போன பாவத்தை நீங்களும் செய்திருப்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் பட்டதை, இந்தப் பக்கம் நின்று நான் பட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தோரு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பக்கம், ஊர் முடிந்து தோப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு புது நகரில் எங்கள் வீடு. தெருவில் மொத்தம் பன்னிரண்டு வீடு. மிக்சி சத்தம் கேட்டால் யார் வீட்டு மிக்சி என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அமைதி. வந்து ஒரு மாதம் ஆனதும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பா, ஒங்க லீவு எப்ப முடியுது?" இனி இந்த ஊரை விட்டு எங்கும் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் போதுமா? என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்காக செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். நானோ வீட்டு முன்னால் மாமரத்தடியில் எட்டு மேசை போட்டு, சனி ஞாயிறு மட்டும் பிரியாணிக் கடை வைக்கிறேன் என்றேன். என் மனைவி சுமதி பள்ளிக்கூட டீச்சர், எதற்கும் கெடு வைக்கிறவள். "தீபாவளி வரைக்கும் பாருங்க. ஓடுனாச் சரி. இல்லைன்னா பேசாம மெட்ராசுக்குப் பெட்டியக் கட்டுங்க" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போட்டுப் பேர் வாங்கிய காதர் பாய் மாஸ்டராக வரச் சம்மதித்தார். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் கடையைத் திறந்தோம்.

இன்னும் ஒருத்தர் வரணும்

முதல் ஞாயிறே நல்ல கூட்டம். நம் ஊரில் ஒரு குடும்பம் சாப்பிட வருவது தவணை முறையில்தான். முதலில் இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்து மூன்று மேசையைப் பிடிப்பார்கள். ஒரு நாற்காலியில் கைப்பை, ஒன்றில் ஹெல்மெட், ஒன்றில் தண்ணீர் பாட்டில். என்ன வேண்டும் என்று கேட்டால், "செத்த நேரம் பொறுங்க, இன்னும் ஒருத்தர் வரணும்" என்பார்கள். அந்த ஒருத்தர் அப்போதுதான் சேத்தூரில் பஸ் ஏறியிருப்பார். அவர் வந்து சேர்ந்த பிறகு, எந்த மச்சானுக்குப் பக்கத்தில் எந்த மச்சான் உட்காரக் கூடாது என்ற விவகாரம் தொடங்கும். ஒருவர் இடம் மாற, அத்தனை பேரும் இடம் மாறுவார்கள். இதற்குள் வாசலில் நாலு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். அன்று வந்த ஒரு குடும்பம் இடம் மாற மூன்றாவது தடவை எழுந்தபோது, பரேடு மைதானத்துக் குரலில் "எல்லாரும் உட்காருங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். எட்டு மேசையும் உட்கார்ந்தது. கை கழுவப் போய்க்கொண்டிருந்தவர் வேறு யாருடைய குடும்பத்திலோ போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ரிட்டையர்டு தாசில்தார் ஹோஸைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஓரத்து மேசையில் அதுவரை வாயே திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார்: "சாப்புட்டு முடிச்சா நாங்களா எந்திரிச்சுக்கிடலாமா சார், இல்ல அதுக்கும் ஆர்டர் வருமா?"

ரெட்டை அரிசி

அடுத்த சனிக்கிழமை விடியும்போதே ரோட்டில் கார்களும் வேன்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட எங்கள் ஊர்க் குன்றின் மேல் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு. நெற்றியில் நாமம் இல்லாத ஆளே இல்லை. எனக்குக் கை பரபரத்தது. மலையேறி இறங்கினால் எப்படிப் பசிக்கும்! "பாய், இன்னைக்கு ரெட்டை அரிசி போடுங்க" என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினார்.

மத்தியானம் அத்தனை வண்டியும் திரும்பி வந்தது. எங்கள் போர்டுக்கு எதிரே வரும்போது மட்டும் கண்ணாடிகள் மேலே ஏறின. இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் போன ஒரு பெண்மணி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது: அன்று புரட்டாசி முதல் சனி. வடக்கே ராணுவ முகாம்களில் இருந்த வருஷங்களில் புரட்டாசி எனக்கு வெறும் செப்டம்பராகப் போய்விட்டது. ஊரே ஒரு மாதம் கவுச்சி தொடாது என்பதை மறந்து, அதற்கு முந்தின வாரம் பிரியாணிக் கடை திறந்த ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

சுமதியிடம் பாய்ந்தேன். "கடை ஆரம்பிக்குத ஆளு காலண்டர் பாக்காமலா இருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். பாயிடம் பாய்ந்தேன். அவர் இரண்டு அண்டாப் பிரியாணியையும் தன் தெருவுக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்று அந்தத் தெருவில் யார் வீட்டிலும் ராத்திரிச் சமையல் இல்லை. நிதானமாகத் திரும்பிச் சொன்னார்: "ஏன் தம்பி, ஒரு பாய் வந்து ஒங்களுக்குப் புரட்டாசிய ஞாபகப்படுத்துனா நல்லாவா இருக்கும்?"

புது அண்டா

மறு சனிக்கிழமைக்குள் கடை சைவமாகிவிட்டது. புது அண்டா, புதுத் தட்டு, புது இலைக்கட்டு. போர்டில் 'புரட்டாசி முழுவதும் சுத்த சைவம்' என்று பெரிதாக எழுதினேன். பாய் புளியோதரையும் சாம்பார் சாதமும் தயிர்சாதமும் போட்டார். அந்த மனிதருக்குப் பிரியாணிதான் வரும் என்று நினைத்திருந்தேன், தப்பு.

கோயிலிலிருந்து திரும்பின ஒரு வேன் நின்றது. பதினாலு பேர். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். ஆனால் குடும்பத்துப் பெரியவர் உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். "இந்த அண்டாவுல போன வாரம் என்ன இருந்துச்சு?" என்றார். புதுசு ஐயா, பில் வேண்டுமானாலும் காட்டுகிறேன் என்றேன். பில்லை வாங்கித் தேதி பார்த்தார். அண்டாவை விரலால் சுண்டிப் பார்த்தார். திருப்திதான். நான் இலை போடத் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "அண்டா புதுசு, ஒத்துக்கிடுதேன். கரண்டி?"

செண்பகத்தோப்புப் பார்சல்

கரண்டியும் வாங்கினோம். வேன் ஆட்கள் அதுவரைக்கும் காத்திருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், நல்லவர்கள். ஆனால் ஒரு வேனை வைத்துக்கொண்டு தீபாவளி வரை ஓட்ட முடியுமா? பாதி மேசை காலியாகவே கிடந்தது. அதனால் பார்சல் போடத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரக் காட்டில் இருக்கிற செண்பகத்தோப்புக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது வழக்கம். முதல் கோஷ்டிக்கு நான் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்துவிட்டேன். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று வனத்துறைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே என் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் நல்ல வாழையிலையில், நூல் சுற்றி, ராணுவ ஒழுங்கில் இருபது பொட்டலம் கட்டினேன். வாங்கிப்போனது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்து ஆட்கள். பதினோரு மணிக்குப் போனவர்கள் பன்னிரண்டரைக்கு போன் செய்தார்கள். சாப்பாடு எப்படி என்று ஆசையாகக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "புளியோதரை பிரமாதம் போல அண்ணாச்சி, கொரங்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. இன்னொரு இருவது கட்டி வைங்க, வாரோம்."

ஒரே ஒரு முட்டை

எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வந்து, மாமரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். ஒரே ஒரு ஆம்லெட் வேண்டுமாம். பின்பக்கம் மோட்டார் ரூமில் நின்றே சாப்பிட்டுவிடுவாராம். வீட்டுக்குத் தெரியக் கூடாது. சார், போர்டில் சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறேன், கடையில் முட்டையே இல்லை என்றேன். முகம் வாடிப் போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி வந்தார். காதர் பாயைத் தனியே கூப்பிட்டு, "அவியளுக்குத் தெரிய வேண்டாம், ஒரே ஒரு முட்டை அவிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். பாயும் இல்லை என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு மணிக்கு இரண்டு பேரும் ஜோடியாக வந்து, நல்ல பிள்ளைகளாகத் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். தெரு சைவமாக இருக்கிறதே என்று நான் சும்மா வாயைக் கொடுத்தேன். அந்த அம்மா கணவரைப் பெருமையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல புரட்டாசின்னா புரட்டாசிதான் சார். அவிய முட்டையக் கண்ணால பாக்க மாட்டாவ."

ஐப்பசி முதல் ஞாயிறு

புரட்டாசி முடிந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சென்னை நண்பர் போன் செய்து, ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை கடை என்ன சொல்கிறதோ அதுதான் பதில் என்று சுமதியிடம் சொன்னேன்.

பாய் விடிகாலையிலேயே வந்து மூன்று அண்டாப் பிரியாணி போட்டார். ஒரு மாதம் வாயைக் கட்டிய ஊர் சும்மா விடுமா? பதினொன்றரைக்கே தெருவில் கார்கள் வந்து நின்றன. அதே நேரத்துக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி அடைமழை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆவணி வெயிலில் மேசை போட்ட எனக்கு மட்டும் கூரை ஞாபகம் வரவில்லை. ஒரே கொட்டாகக் கொட்டியது. எட்டு மேசையிலும் தண்ணீர் ஓடியது. வீட்டுக்குள் அண்டாக்களை இழுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன். காரில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அழுதுவிட்டேன். சுமதி பக்கத்தில்தான் நின்றாள்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாசில்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து நின்றார். "ஏம்ப்பா மிலிட்டரி, மழையையா வேடிக்கை பாக்க? எங்க கார் ஷெட்டுல பதினஞ்சு பேரு உக்காரலாம், ஆள அனுப்பு! வாசத்தப் புடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் இருக்க?" அவர் சொல்லி முடிக்குமுன் கடைசி வீட்டுக்காரர் தன் கேட்டைத் திறந்தார். பிறகு நாலாவது வீடு, ஏழாவது வீடு. கார்ப் போர்ட்டிகோவில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு வீட்டில் ஹாலுக்குள்ளேயே டிவி பார்த்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். முன்பின் தெரியாத ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பம் ஒன்று தாசில்தார் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து சாப்பிட்டது. அன்றைக்கு யாரும் இடம் மாறவில்லை. நான் தட்டுகளைத் தூக்க, சுமதி குடை பிடிக்க, அந்தத் தெருவில் எத்தனை நடை நடந்தோமோ தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு மழை விட்டது. மூன்று அண்டாவும் காலி. பாய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து கால் நீட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. என் கையெல்லாம் எண்ணெய். சுமதி எடுத்தாள். சென்னை நண்பர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் சொன்னது கேட்டது: "இல்லண்ணே, அவியளால இப்ப வர முடியாது. தெருவுல எட்டு வீட்டுல எங்க தட்டு கெடக்கு, அத வாங்கி முடிக்கவே கார்த்திகை பொறந்துரும்."

கார்த்திகை பிறந்தால் ஊரில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுச் சைவமாகிவிடுவார்கள் என்பது அவள் போனை வைத்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது; இருந்தாலும், ஆள் வராத கடைக்கும் முதலாளி ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம்.