கார்மேகத்தின் பூசணிப் பிஞ்சு

ஷார்ஜாவில் நவம்பர் பிறந்து காற்றில் சூடு தணிந்தால் போதும், என் மகள் ஸஹ்ராவுக்குப் பூசணித் தோட்டம் ஞாபகம் வந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் போய் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்து வந்திருப்பார்கள். அவளுடைய வாப்பா நானோ ரோலா கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நச்சரிப்புத் தாங்காமல் கடையைச் சாத்திவிட்டு, அவளையும் மனைவி நஸீஹாவையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே தைத் என்கிற இடத்துப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அந்தப் பண்ணைதான் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அங்கே வேலை பார்த்த கார்மேகம். அவன் கமுதிப் பக்கத்து ஆள், நான் கீழக்கரை. லீவு கிடைக்கிற நாளில் பஸ் பிடித்து ரோலாவுக்கு வந்தால் என் கடையில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் போகமாட்டான். உட்கார்ந்து வேறென்ன, மகள் அகிலாவின் வீடியோக்களைக் காட்டுவான். எட்டு மாதக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன். அதற்குள் அவளுக்கு நாலு வயது ஆகிவிட்டது. ஆள் சப்ளை செய்கிற கம்பெனி அவனுடைய லீவை இரண்டு முறை தள்ளிப்போட்டு, கடைசியில் பூசணி சீசன் முடிந்ததும் டிசம்பரில் போகலாம் என்று சொல்லியிருந்தது. "இன்னும் முப்பத்தஞ்சு நாளு பாய்", "இன்னும் முப்பது நாளு பாய்" என்று அவன் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

உண்மையில் அங்கே பூசணி விளையவே இல்லை. எங்கிருந்தோ அட்டைப்பெட்டியில் லாரியில் வந்து இறங்கும். கதவு திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காயிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, காம்பு மேலே தெரிகிற மாதிரி மணலில் பரப்பி, நடுவே காய்ந்த கொடியை இழுத்து விடுவது கார்மேகத்தின் வேலை. குழந்தைகள் அது அங்கேயே காய்த்தது என்று நம்பிவிடுவார்கள். நம்பாத பெரியவர்களும் போட்டோவில் நம்பின மாதிரி சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

எங்களைப் பார்த்ததும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ஸஹ்ராவுக்கென்று உருண்டையாக ஒரு காயை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தான்.

"இங்கிட்டு வாங்க பாய், பாப்பாவுக்கு நெசமான செடி காட்டுறேன்" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

போன சீசனில் உடைந்துபோன ஒரு காயின் விதையை, தொட்டி கசிகிற ஈரத்தில் ஊன்றியிருக்கிறான். கொடி நாலைந்து அடி ஓடியிருந்தது. அதில் எலுமிச்சை அளவில் ஒரே ஒரு பிஞ்சு. நுனியில் வாடின பூ இன்னும் உதிரவில்லை. அவன் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தான். "தெனமும் போன்ல அகிலாவுக்கு இதத்தான் காட்டுறேன். அப்பா காச்ச காயின்னு சொல்லுது" என்று அவனே சிரித்துக்கொண்டான்.

நாங்கள் கூடி நிற்பதைப் பார்த்து இன்னொரு குடும்பமும் வந்தது. எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியாது. தாயின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று முன்னால் ஓடி வந்து, பிஞ்சைப் பார்த்ததும் ஆள்காட்டி விரலை நேராக நீட்டியது.

எங்கள் பக்கத்தில் பூசணிப் பிஞ்சையோ சுரைப் பிஞ்சையோ யாரும் விரல் நீட்டிக் காட்டமாட்டார்கள். காட்டினால் வெம்பி அழுகிவிடும் என்பார்கள். விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டவேண்டும். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்றெல்லாம் இதில் கிடையாது. சின்ன வயதில் நானும் இதற்காகக் கையில் அடி வாங்கியிருக்கிறேன். எட்டு வயதுக்குள் கைக்குப் பழகிவிடும், அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

கார்மேகமும் யோசிக்கவில்லை. சட்டென்று குனிந்து அந்தக் குழந்தையின் விரலைப் பிடித்து மடக்கினான்.

"அப்பிடிக் காட்டக்கூடாது தாயி, அழுகிப்போயிரும்."

அவ்வளவுதான். குழந்தை மிரண்டு வீறிட்டது. தாய் ஓடிவந்து அதை வாரி எடுத்துக்கொண்டு, என் பிள்ளையை ஏன் தொட்டாய் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் ஸஹ்ராவின் கையைப் பிடித்திருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். கூட்டம் சேர்ந்தது. மேனேஜர் வந்தார். போலீஸ் என்ற சொல் யார் வாயிலிருந்தோ வந்து விழுந்தது.

கார்மேகத்துக்குத் தெரிந்த இந்தி, சிமெண்டுக்கும் மண்வெட்டிக்கும் போதும். பிஞ்சையும் விரலையும் அழுகலையும் அவனால் அந்தப் பாஷையில் சேர்க்க முடியவில்லை. பிஞ்சைக் காட்ட விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் தப்பாகத்தான் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "பாய், நீங்க சொல்லுங்க பாய்" என்றான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார். "உங்களுக்கு இவனைத் தெரியுமா? என்ன சொல்கிறான்?"

நஸீஹா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பழியை அவள் மேல் போடமாட்டேன், அவள் பிடிக்காவிட்டாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன். இருபது வருஷமாக இந்த ஊரில் நான் கற்ற பெரிய பாடம், நமக்கு எதுக்கு வம்பு என்பதுதான். சாட்சி என்று நின்றால் பெயர் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், கடை எங்கே என்பார்கள்.

"மாலூம் நஹி" என்றேன். எனக்குத் தெரியாது.

மேனேஜர் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, அவனிடம் "கலாஸ்" என்றார். முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம்.

காரில் ஸஹ்ரா கேட்டாள். "வாப்பா, யூ நோ தட் அங்கிள். அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"பேசாம வா" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் மடியில் இருந்த பூசணி பத்து நாளில் அடியில் நீர் விட்டது. நஸீஹா அதைக் குப்பையில் போட்டாள்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. ஆனால் அன்றைக்கே அவனைப் பண்ணையை விட்டு எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவனைக் கல் உடைக்கிற சைட்டில் போட்டது. புது சைட், ஆள் பத்தாது என்று சொல்லி டிசம்பர் லீவையும் ரத்து செய்தது. மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைத் தடுத்தான்.

"விடுங்க பாய். குடும்பத்தோட வந்திருந்தீக, நீங்க என்ன செய்வீக? கம்பெனியில எழுதி வச்சிட்டாங்களாம். புள்ளைக இருக்குற எடத்துக்கு என்னைய அனுப்பக்கூடாதுன்னு."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அவன் அகிலாவின் வீடியோ எதையும் காட்டவில்லை.

இன்னும் ஒரு வருஷம் ஓடிய பிறகுதான் லீவு கிடைத்தது. போன டிசம்பரில் ஊருக்குப் போனான். போய் ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தான். மகள் கிட்டவே வரமாட்டேன் என்கிறாள், தன் அம்மா சரசுவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறாள் என்றான். பழகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

"இன்னைக்குத்தான் பாய் அதுவா வந்து கூப்புட்டுச்சு. இங்க வா, பூசணி பாருன்னு. வேலியில ஒரு பிஞ்சு. வெரல நேரா நீட்டிக்கிட்டு நிக்கிது."

"மடக்கி விட்டியா?"



"கை போகலை பாய். ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுட்டேன். நான் பெத்த புள்ளதான், தெரியிது. கை போகமாட்டேங்குது. அது என் மூஞ்சியப் பாத்துட்டு திரும்ப அதோட அம்மாகிட்ட ஓடிருச்சு."

வேறு எதுவும் கேட்கத் தெரியாமல், பிஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதுக்கென்ன பாய்" என்றான் கார்மேகம். "அது நல்லாத்தான் இருக்கு."