கான்டெஸாவுக்கு ஒரு பிளாக்

எனக்கு மூக்கின் மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தறியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது குறுக்கே பேசினால்கூட நூல் ஓட்டுகிற நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் நாற்பது வருஷமாக ஒரே ஒருவனிடம் மட்டும் குரலை உயர்த்தியதில்லை. அவன் மெக்கானிக். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. ஏனாத்தூர் போகிற வழியில் ஷெட் வைத்திருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவன் அவன்தான்.

என்னிடம் ஒரு கறுப்பு கான்டெஸா கார் இருக்கிறது. நீள மூக்கு வண்டி. எங்கள் தெருமுனையில் திரும்பும்போது முதலில் மூக்கு வரும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் வருவேன். தெருப் பிள்ளைகள் அதைக் கப்பல் என்பார்கள். என் மனைவிக்கு அது மூத்த தாரம். “மூத்தவள குளிப்பாட்டியாச்சுன்னா, எளையவளுக்குக் கொஞ்சம் காய் வாங்கினு வாங்க” என்பாள். சொல்லட்டும். பதினெட்டு வயதிலிருந்து நான் நெய்ததெல்லாம் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போனது. எனக்கென்று, எனக்கு மட்டும் என்று, ஆசைப்பட்டு வாங்கியது இந்தப் பழைய வண்டி ஒன்றுதான்.

பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து, இன்ஜினில் குத்தியிருக்கிற எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். புத்தகத்தில் இருக்கிற எண்ணோடு அது பொருந்தினால் வண்டி ரோட்டில் ஓடலாம். பொருந்தாவிட்டால் இரும்புக் கடைதான். என் புத்தகத்துக்குத் தவணை முடிய மூன்று மாதம் இருந்தபோது இன்ஜின் சூடாகி வெள்ளைப் புகை விட்டது. கயிறு கட்டி இழுத்துப் போய் அவன் ஷெட்டில் விட்டேன்.

இரண்டு நாளில் கூப்பிட்டான். “பிளாக்கே போச்சுடா” என்றான்.

பிளாக் என்பது இன்ஜினின் உடம்பு. மற்றதெல்லாம் அதில் பூட்டுவதுதான். எண் குத்தியிருப்பதும் அதில்தான். அவன் அதன் மேல் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினான். கொஞ்ச நேரத்தில் முடி அளவுக்கு ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. “பாத்தியா, பொளந்துக்கினு இருக்குது” என்றான். பார்த்தேன். புடவையில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்று சொல்லிவிடுகிறவன் நான். இரும்பில் அவன் காட்டியதை மட்டும் பார்த்தேன். ஊசியால் கீறிவிட்டு மண்ணெண்ணெய் தடவினாலும் அப்படியே தெரியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“வெல்டு வெக்க முடியாதாடா?”

“வார்ப்பு இரும்புடா, நிக்காது. வேற பிளாக் தேடு. பில்லு வெச்சு நம்பரை புக்குல மாத்திக்கலாம், நான் பாத்துக்கறேன்.”

பழையதை இரும்புக்குப் போட்டுவிட்டதாக அவனே பிறகு சொன்னான். நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவனை எதற்குக் கேட்பது?

தேடினேன். பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் சந்து சந்தாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரப் பையன், “கான்டெஸாவா? போட்டோ வேணும்னா தர்றேன் அண்ணே” என்று சிரித்தான். அவனை அடிக்காமல் வந்தது பெரிய விஷயம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் பின்பக்கம் கான்டெஸா இன்ஜின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். கிடந்தது. ஆனால் அது டீசல். சிலிண்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. தறியில் பாவு பாதியில் நின்றது. “பொண்ணுக்கு மாப்ள தேடினப்பகூட நீங்க இப்படி அலையலையே” என்றாள் மனைவி. உண்மைதான், அப்போது நான் இவ்வளவு அலையவில்லை.

ஒவ்வொரு முறை வெறும் கையோடு திரும்பும்போதும் அவன் ஷெட்டில்தான் உட்கார்ந்து புலம்புவேன். அவன் டீ வாங்கித் தருவான். “கெடைக்கும்டா, கவலப்படாத” என்பான். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தவணை முடிய மூன்று வாரம் இருந்தபோது போன் வந்தது. “சேலத்துல கெடச்சிட்டுதுடா!” அவன் கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். ஷெட்டுக்குப் போனால் பச்சை பெயின்ட் அடித்து, புதுப் பெண் மாதிரி பிளாக் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மொழுக்கென்று இருந்தது.

“நம்பர் எங்கடா?”

“துரு தின்னிருந்துச்சு, தேச்சிட்டேன். உன் நம்பரையே குத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?”

எனக்குச் சுருக்கென்றது. அவன் டீக்குப் போனான். சும்மா உட்கார எனக்கு வராது. பிளாக்கின் பக்கவாட்டில், தண்ணீர் வடிக்கிற இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். வேறொருவன் முடுக்கியது எப்படி இருக்குமோ என்று ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். பெயின்ட் உடைந்து போல்ட் வெளியே வந்தது. அதன் மரையில் நூல் சுற்றியிருந்தது.

மெக்கானிக்குகள் சணல் சுற்றுவார்கள், டேப் சுற்றுவார்கள். இது பட்டு. அரக்கு நிறப் பட்டு.

அதற்கு மூன்று வருஷம் முன்பு தென்னேரியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது அந்த போல்ட்டில் தண்ணீர் ஒழுகியது. நடுரோட்டில் என்ன கிடைக்கும்? அன்று காலை தறியிலிருந்து அப்படியே எழுந்து போயிருந்தேன், சட்டைப் பையில் ஊடை நூலின் மிச்சம் இருந்தது. நான்கு சுற்று சுற்றி முடுக்கினேன். நின்றுவிட்டது. வண்டிக்குப் பட்டுக் கட்டினாயா என்று கிண்டல் செய்வானே என்று அவனிடம்கூட நான் சொல்லவில்லை. உலகத்தில் எந்த சேலத்துக்காரன் போல்ட்டில் பட்டு நூலைச் சுற்றுவான்?

அது எந்தப் புடவையின் நூல் என்பதும் எனக்குத் தெரியும். அவன் மகளின் முகூர்த்தப் புடவை. பெரியப்பா, பெரியப்பா என்று என் வீட்டில் வளர்ந்த பெண். கூலி என்ற பேச்சே வராமல் நானே நெய்து கொடுத்தேன்.

டீ டம்ளரோடு வந்தவன் என் கையைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் நின்றான். “இது என் வண்டி பிளாக்குடா” என்றேன். அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தான்.

“சென்னையில ஒருத்தருக்கு இதே வண்டி. அவர் பிளாக் நெஜமாவே ஒடஞ்சிட்டுது. அவர் நம்பரைக் குத்திக் குடுன்னார். பெரிய எடம்டா. உன்னுது பிளாக் நல்லாதான் இருந்துச்சு, கேஸ்கெட் மட்டும்தான் போயிருந்துச்சு. பொளந்துட்டுதுன்னு சொல்லி, நம்பரை அழிச்சிட்டேன். அதுக்குள்ள அவருக்கு வேற எடத்துல கெடச்சிட்டுது, வேணாம்னுட்டார்.”

“அதனால எனக்கே வித்தியா?”

“நீ அலையறத பாத்து மனசு கேக்கலடா.”

மனசு கேட்கவில்லையாம்! பாவி. என் வாயில் என்னென்னவோ வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து டயர் கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா போனபோது அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வேறு மெக்கானிக்கை வைத்து இன்ஜினைப் பூட்டினேன். ஒரே திருகலில் உறுமியது. எண் இல்லாத வெறும் இடத்தோடு இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய் நடந்ததை அப்படியே சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். “நம்பர் அழிச்ச இன்ஜின்னா திருட்டு வண்டின்னுதான் நான் எழுதணும். யார் அழிச்சாங்கன்னு போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க. அந்தப் பேப்பர் இருந்தா மேல எழுதிப் பாக்கலாம்” என்றார். என் பிளாக்கில் என் எண்ணை நானே குத்தினாலும் இனி அது கள்ள எண். என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி ஒரு முழம் பட்டு நூல்.

வீட்டுக்கு வந்து கம்ப்ளெயின்ட் எழுதினேன். அவன் பெயர், அப்பா பெயர், ஷெட் விலாசம் எல்லாம் எழுதினேன். தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி உறும விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. அவன் மகள் இறங்கினாள். கையில் தாம்பாளம். கட்டியிருந்தது அந்த அரக்குப் புடவை. குழந்தைக்குக் காது குத்துகிறார்களாம், மடியில் உட்கார வைத்துக்கொள்ள நான் வர வேண்டுமாம்.

“வண்டி சத்தம் சூப்பரா இருக்குது பெரியப்பா. அப்பா பண்ணதா?”

“ஆமாம்மா. உங்கப்பன் பண்ணதுதான்.”

என் மனைவி என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி குடித்துவிட்டு, “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கப்பல்ல விடுங்களேன், எத்தன நாளாச்சு” என்றாள் பெண்.

நான் அவனை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை, இனியும் இல்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். “இன்னிக்கு வேணாம்மா, வா நடந்து போலாம்” என்றேன். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில்தான் போலீஸ் ஸ்டேஷன். பெண்ணைப் பேச விட்டு, கம்ப்ளெயின்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டேஷனைத் தாண்டி நடந்தேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து வண்டிக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். நான்கு மூலையையும் கட்ட என் மனைவிதான் கயிறு எடுத்துக் கொடுத்தாள்.