காலுறையின் தடம்

நாங்கள் இருவரும் வேலை செய்யும் காலுறை ஆலையில் எல்லாரும் ‘இழுவையக்கா’ என்று அழைக்கும் என் நாத்தனார், முப்பது ஆண்டுகளாக எலாஸ்டிக் நாடாக்களைச் சோதித்து வருபவர். பொறியில் மாட்டிய நாடா இருபதாயிரம் முறை நீண்டு சுருங்கிய பின்னும் பழைய அளவுக்கு மீள வேண்டும். மீளாதது குப்பைக்குப் போகும். அதில் தாட்சண்யமே கிடையாது.

சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள். மாத்திரையை நினைவு வந்தால் விழுங்குவார்.

சென்ற ஆண்டு, காலுறையைக் கழற்றியதும் கணுக்காலைச் சுற்றி ஆழமான தடம் தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. மூச்சுக்கு வயதைக் குறை சொன்னார், தடத்துக்கு எலாஸ்டிக்கை.

"இந்த எலாஸ்டிக் சரக்கையே திருப்பி அனுப்புங்க. காலை நெரிக்குது!" என்று மேற்பார்வையாளரிடம் பாய்ந்தார்.

"சோதிச்சுட்டுச் சொல்லுங்கக்கா. உங்க சட்டம்தானே?"

காலுறையைப் பொறியில் மாட்டினார். மூன்று முறை சோதித்தும் அளவு இம்மியும் பிசகவில்லை. அன்று மாலையே என்னை அழைத்தார்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா? நாடா நல்லாத்தான் இருக்கு. நான்தான் தேறலை."

பரிசோதனைகள் முடிந்தபின் மருத்துவர், இதயத்தின் எக்கோ பதிவு ஓடிய திரையைக் காட்டினார்.

"ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லம்மா. பல வருஷமா மிஞ்சின சர்க்கரை, இதயத் தசையையே விறைக்க வச்சிருக்கு. சுருங்குது, ஆனா சரியாத் தளர்ந்து விரியலை. அதனால ரத்தம் முழுசா நிரம்பாம பின்னாலயே தேங்குது. நுரையீரல்லயும் கால்லயும் நீர் கோக்குது. இதைத்தான் இதயச் செயலிழப்புன்னு சொல்றோம்."

"அப்போ நின்னுடுமா?"

"இப்பவே நின்னுடும்னு அர்த்தமில்லை. பழையபடி ஆகும்னு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா மருந்தை விடாம, சர்க்கரையையும் உப்பையும் கட்டுப்படுத்தினா, மேல கெடாமத் தடுக்கலாம்."

நாத்தனாரின் கண்கள் திரையைவிட்டு அகலவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கும்?"

"ஏறக்குறைய ஒரு லட்சம்."

அவருடைய உதடுகள் கணக்கிட்டன. "எங்க இருபதாயிரம் இதுக்கு அஞ்சு மணி நேர வேலைகூட இல்லையே! அம்பத்தெட்டு வருஷமா, அண்ணி!"

மருத்துவர் திரையை அணைக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றார் நாத்தனார். விறைத்த அந்தச் சுவர் சிரமப்பட்டு விரிந்தது, மறுபடியும் விரிந்தது.

அதன்பின் ஒரு மாத்திரையும் தவறவில்லை. இரண்டு மாதங்களில் தடம் மங்கியது. ஆயினும் சோதனை அறைக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுகிறார். அப்படி நின்றவரிடம் ஒருநாள், "முடியலையா?" என்று கேட்டேன்.

நெஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டார். "எனக்கில்ல அண்ணி, இதுக்குத்தான் ஓய்வு. ஒரு நாளாவது லீவு கேட்டிருக்கா இது?"