சாந்தமேரி டீச்சரின் மஞ்சள் தாள்கள்

சாந்தமேரி டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரே ஒத்துக்கொண்ட விஷயத்தைக்கூடத் தானே எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலேறிக் கிள்ளானில் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வருபவர், எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவு என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துவைத்துத்தான் தன் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

பகுதிநேரமாகக் கல்வி ஆராய்ச்சி படிக்கத் தொடங்கியவர், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். பாதிப் பேர் பாடத்தை மறுபடி படித்தார்கள். மீதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து யாருக்கு அதிகம் ஞாபகம் இருந்தது என்று பார்த்தார். இதையே எல்லா வகுப்பிலும் ஒரு மாதம் செய்யத் தலைமையாசிரியர் கமலநாதன் அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் டீச்சரின் படிப்பு பாதியில் நின்றுவிடும். "தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு டீச்சர் ஆராய்ச்சி?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டவள் நான்தான். தலைமையாசிரியரும் என் பக்கமே சாய்ந்தார்.

சாந்தமேரி டீச்சர் கோபப்படவில்லை. சோதனையின் முடிவு என்று ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்து, ஏன் அப்படி என்று எழுதச் சொன்னார். மறுபடி படித்தவர்களே ஜெயித்தார்கள் என்றது என் தாள். திரும்பத் திரும்பப் படித்தால்தான் மனதில் பதியும், இது என் இருபத்திரண்டு வருட அனுபவம் என்று எழுதி, உரக்கவும் வாசித்தேன். எதிரே இருந்த விஷ்ணுப்ரியா டீச்சர் திருதிருவென்று விழித்தார். அவர் தாளில் மூடி எழுதியவர்கள் ஜெயித்திருந்தார்கள். அதற்கும் அவர் இது தெரிந்ததுதானே என்று காரணம் எழுதியிருந்தார். சாந்தமேரி டீச்சர் பாதித் தாள்களில் முடிவை மாற்றி எழுதியிருக்கிறார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இதுல எது உண்மை டீச்சர்?"

"தெரிஞ்ச விஷயம்னு நீங்கதானே சொன்னீங்க லா," என்றார் சாந்தமேரி டீச்சர்.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டு ஒரு மாதம் கொடுத்தார். தொடங்கும் முன் எங்கள் ஊகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் டீச்சர். அந்த ஒரு வரிக்கு எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

என் வகுப்பில் மூடி எழுதிய பிள்ளைகளே முந்தினார்கள். நான் எழுதிக் கொடுத்தது நேர்மாறு. இத்தனை வருடம் தொண்டை வறள வாசிக்க வைத்த பிள்ளைகளை நினைத்து வருத்தமாக இருந்தது.

வீட்டில் என் கணவர் வாசுவிடம் முடிவை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். மறுநாள் அதைச் சாந்தமேரி டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரே ஒருத்தர்கிட்டதான் கேட்டீங்களா? பத்தாதே டீச்சர்," என்று நோட்டை எடுத்தார்.