விளக்கு மங்கியபோது மாற்றிய லினக்ஸ்

புதுவாயலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் ஆலை இருக்கிறது. அங்கே உலையை ஓட்டினால் எங்கள் தெருவில் விளக்குகள் மங்கும். அது தெரிந்தும், வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றத் தொடங்கினேன். பாதியில் விளக்கு மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் பிழைச் செய்திதான் வந்தது.

"இன்னாங்க, பாப்பா போட்டோல்லாம் அதுலதான கீது?" என்றாள் மனைவி.

பிறந்த சில நாளிலேயே எங்களை விட்டுப் போன மகள். அவள் முகம் வேறெங்கும் இல்லை.

முன்பு லினக்ஸ் நிறுவிய பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கிப் பார்த்தேன். படங்கள் அப்படியே இருந்தன.

இப்போதெல்லாம் ஆலை விடுமுறையன்றுதான் அப்டேட். அதற்கு முன் படங்களைத் தனி பென் டிரைவில் ஏற்றி மனைவியிடம் தருகிறேன். அவள் நகைப் பெட்டியைப் பூட்டும் சத்தம் கேட்ட பிறகே எண்டர் தட்டுகிறேன்.