ஒட்டாத நோய்

உடம்பு ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து வரும் கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடம்புக்கான ஊடை நூல் வைத்த நாடாவை நான் எறிவேன். கரைக்கான நாடாவை என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எறிவாள். கல்யாணமான புதிதிலிருந்தே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் எங்கள் பகல்கள் அப்படித்தான் போயின. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததைவிட, என் பக்கமிருந்த கன்னத்தையும் கழுத்தையும் பார்த்ததுதான் அதிகம். அதனால்தான் அந்தக் கட்டி அவளுக்குத் தெரிவதற்கு முன்பே என் கண்ணில் பட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் பெண் குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கி மனைவியின் கழுத்தில் விழுந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. நாடாவை வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்லியே. இன்னா இருக்குது அங்க?"

"நெறி கட்டிக்கினு இருக்குது போல."

"தலையில புண்ணு இருந்துச்சில்ல, அதுக்குக் கட்டியிருக்கும். நீங்க வேலையப் பாருங்க."

புண்ணுக்குக் கட்டும் நெறி சில நாளில் தானாக வற்றிவிடும். இது வற்றவில்லை. ஐப்பசி மழை விடுவதற்குள் அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. பிறகு அதையொட்டி மற்றொன்று. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளத் தொடங்கினாள்.

ஊரில் எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் போனோம். நெறிகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை.

"வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கப்பாவுக்கு. அப்புறம் எங்கம்மாவுக்கு."

அந்தக் காலத்தில் கழுத்தில் இப்படி மணி கோத்ததுபோல் நெறி கட்டினால் அது பெரும்பாலும் டி.பி.யாகத்தான் இருக்கும். கண்டமாலை என்பார்கள். டாக்டர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "கழுத்து நெறியில வர்ற டி.பி. அவ்வளவா ஒட்டாதுமா, பயப்படாதே" என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "எங்கப்பனுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எங்கம்மா அவர் சாப்பிட்ட தட்டுலதான் சாப்பிட்டா."

அப்பா போனபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. அம்மா போனபோது விவரம் தெரிந்திருந்தது. அவளையும் அவள் அக்காவையும் மாமன் வீட்டில் வளர்த்தார்கள். இதையெல்லாம் அவள் என்னிடம் அதுவரை இரண்டொரு வார்த்தையில்தான் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கே தன் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. குழந்தை காலைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தபோது கையை நீட்டித் தடுத்தாள். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. மறுபடி ஓடிவந்தது. அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். "எங்கக்காவுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

அவள் அக்காவைப் பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா வந்து நின்றதும் என் மனைவி உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். நான்தான் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தேன். ஒரு முத்தம் கொடு என்று மனைவியிடம் சொல்லத் தோன்றியது. அந்தக் கதவிடுக்கில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டாள். காது சத்தம் போடுகிறது என்பாள், தலை சுற்றுகிறது என்பாள். கட்டி மட்டும் இளைக்கவில்லை. பாலாற்றில் தண்ணீர் வற்றும் நாட்களில் நாங்கள் ஆற்று மணலில் நடந்து திருமுக்கூடலுக்குப் போவோம். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மதிலோரம் நிற்பாள். என் மனைவி மணலிலேயே நின்றுவிடுவாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாயேன்டீ" என்று அக்கா கூப்பிடுவாள். இவள் தலையை ஆட்டுவாள். முதல் தடவை குழந்தை இவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அடுத்த முறை வெறுமனே பார்த்தது. அதற்கடுத்த முறை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கடைசியில் எங்கள் டாக்டரே சொன்னார். "இவ்வளவு மருந்துக்கும் எறங்கலன்னா எனக்குச் சந்தேகமா இருக்குதுபா. பட்டணம் போயி ஒரு நெறிய எடுத்துப் பரிசோதனை பண்ணிப் பாத்துடுங்க."

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நெறியை வெட்டியெடுத்தார்கள். முடிவு வந்ததும் அறுவை டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். தன் தொண்டையின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டிப் பேசினார்.

"இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குது. அதுல ரொம்பச் சின்னதா ஒரு புத்து வந்திருக்குது. தொட்டுப் பாத்தாக்கூடத் தெரியல. அங்கேருந்து பக்கத்து நெறிங்களுக்குப் பரவியிருக்குது. நீங்க இத்தனை நாளா பாத்துக்கினு இருந்தது அந்த நெறிங்களத்தான்."

"புத்துன்னா... கேன்சரா சார்?"

"ஆமாம்பா, கேன்சர்தான். ஆனா இது மெதுவா வளர்ற வகை. இந்த வயசுல, நெறிக்குப் பரவியிருந்தாலும் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்க."

பின்னால் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. கேன்சர் என்றால் ஆள் போயாச்சு என்றுதான் எங்கள் தெருவில் அர்த்தம். அதுவும் பரவிவிட்டது என்கிறார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இது ஒட்டுமா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை.

"குழந்தைக்கு ஒட்டுமா? எச்சி பட்டா? பக்கத்துல படுத்தா?"

"ஒட்டாதும்மா. கேன்சர் யாருக்கும் ஒட்டாது."

"அப்ப டி.பி.?"

"உனக்கு டி.பி. இல்லவே இல்லியேமா."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தோளைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டீங்களா? ஒட்டாதாம்" என்றாள். எங்களுக்கு அடுத்து உள்ளே வரக் காத்திருந்தவர்கள் இதை வாசலிலிருந்து பார்த்தார்கள். ஏதோ நல்ல செய்தி கிடைத்த குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். குரலுக்குப் போகும் நரம்பை ஒட்டி ஒரு நெறி இருக்கிறது, அதை விட்டுவைத்தால் ஆபத்து, எடுத்தால் குரல் கெடலாம் என்றார். "எடுத்துடுங்க சார்" என்று அவள் உடனே சொன்னாள். சுரப்பியையும் கழுத்தின் ஒரு பக்கத்து நெறிகளையும் எடுத்தார்கள். காதுக்குக் கீழிருந்து தொண்டைக்குழி வரை தையல். கண் விழித்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அடுத்த நாள் விரல்கள் மரத்துப்போய்க் கொக்கிபோல் மடங்கிக்கொண்டன. சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்று ஊசி போட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் இனி நாடாவைப் பிடிக்குமா என்று நான் யோசித்தேன். அவள் உதட்டை அசைத்து, "திருமுக்கூடல் எப்போ?" என்று கேட்டாள்.

உடம்பு தேறியதும் போனோம். இந்த முறை அவள் மணலில் நிற்கவில்லை. நேராக வீட்டுக்குள் போய்க் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள். குழந்தை அந்தத் தழும்பைப் பார்த்தது. பேர் சொல்லிக் கூப்பிட்ட கரகரத்த குரலைக் கேட்டது. வீரிட்டு அலறிக்கொண்டு "அம்மா!" என்று ஓடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டது.

அக்கா குழந்தையின் கையைப் பிரிக்கப் பார்த்தாள். "நான் இல்லடீ கண்ணு, அதாண்டீ அம்மா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. பிறகு அறைக்குள் போய்க் குழந்தையின் சட்டைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

என் மனைவி எழுந்துபோய் அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தாள். "இப்ப வேணாம்க்கா. நான் இங்க இருக்கறேன். அது எப்ப வருதோ அப்ப கூட்டிக்கினு போறேன்" என்றாள். காற்றும் குரலுமாக வந்த அந்தப் பேச்சைக் கேட்க அக்கா காதைக் கிட்டே கொண்டுவர வேண்டியிருந்தது.

நான் தறிக்குத் திரும்பினேன். கூலிக்கு ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து நெய்தேன். பங்குனி வரை அவள் அங்கேயே இருந்தாள். போகும்போதெல்லாம் பார்த்தேன். முதலில் குழந்தைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இவள். பிறகு ஒரே பாய். ஒருநாள் நான் போனபோது குழந்தை இவள் மடியில் உட்கார்ந்து தழும்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு உவ்வா" என்று எனக்குச் சொன்னது. பின்னால் நின்றிருந்த அக்கா கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

குழந்தையைக் கூட்டிவந்த அன்று அக்காவும் காஞ்சிபுரம் வரை கூடவே வந்தாள். பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தபின் சொன்னாள்: "அவளுக்கு நல்லாயிட்டுது. அதுக்கு நான் சந்தோசப்படணும், இல்லியாபா?" நான் தலையாட்டினேன். "படறேன்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

எழுபதுகளில் மறுபடி ஒரு நெறி வந்தது, கழுத்தின் இன்னொரு பக்கம். தலை வாரும்போது அவளே கண்டுபிடித்தாள். பரிசோதித்ததில் அதே நோய்தான். அதையும் எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு நகரவில்லை. பெரியம்மாவும் வந்து தங்கினாள். அதற்குப் பிறகு நெறி எதுவும் வரவில்லை. இனி வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வருவோம். டாக்டரின் விரல்கள் அவள் கழுத்தில் நகர்கிற அந்தக் கொஞ்ச நேரம் இன்றுவரை எனக்குப் பழகவில்லை.

சுரப்பியை எடுத்துவிட்டதால் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. விரல்கள் சரியாகி, பல வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தாள். குரல் மட்டும் திரும்பவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் வாசலில் நின்று கையைத் தட்டுவாள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தக் கைதட்டல் தெரியும். திரும்பிப் பார்ப்பார்கள்.